நட்சத்திர வரைபடம் உண்மையானதா? நெல்லை வானத்தை வைத்துச் சரிபார்க்கும் முறை

என் தங்கையின் கல்யாணத்துக்குப் பரிசாக ஒரு நட்சத்திர வரைபடம் வந்தது. கறுப்புத் தாளில் ஒரு பெரிய வட்டம், அதற்குள் வெள்ளைப் புள்ளிகள். குறித்த நாளில், குறித்த நேரத்தில் நம் ஊருக்கு மேலே இருந்த வானம் இதுதான் என்று சொல்லி விற்கும் படம். அடியில் மூன்று வரிகள்: மணமக்கள் பெயர், தேதியும் 'இரவு 9.15' என்ற நேரமும், கடைசியாகத் திருநெல்வேலி என்று போட்டு நான்கு தசம இடங்கள் வரை அட்சரேகையும் தீர்க்கரேகையும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆச்சி மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "கல்யாணத்தன்று வளர்பிறைத் தசமி, மூல நட்சத்திரம். மண்டபத்து வாசலில் நிலா பளிச்சென்று இருந்ததே, இதில் எங்கே ஐயா?"

நிலாவைக் காணோம். அதைத் தேடப்போய்த்தான் துருவ நட்சத்திரம் என் கண்ணில் பட்டது. வட்டத்தின் நடுவுக்கும் விளிம்புக்கும் ஏறக்குறையப் பாதி வழியில் அது நின்றுகொண்டிருந்தது. நெல்லையில் அது ஒருநாளும் அவ்வளவு உயரம் ஏறாது. லண்டன் பக்கத்து வானத்தை அச்சடித்து, அடியில் நம் ஊர் எண்களைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படி ஏமாறாமல் இருக்க வானியல் படித்திருக்கத் தேவையில்லை. ஓர் அளவுகோல், கல்யாண அழைப்பிதழ் அல்லது ஜாதகம், கைப்பேசியில் ஒரு செயலி ஆகியவை போதும்.

முதலில், கொடுக்கும் விவரம்

வரைபடத்துக்கு வேண்டியவை தேதி, நேரம், ஊர் ஆகிய மூன்று மட்டுமே. மூன்றிலுமே நம் பக்கம் தவறு நேர வழி இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

தேதியில் வருவது 'விடிந்தால்' சிக்கல். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. இணையப் படிவத்துக்கோ நள்ளிரவில் தொடங்குகிறது. 'சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு, இரண்டு மணிக்குப் பிறந்தான்' என்று வீட்டில் சொன்னால், படிவத்தில் போட வேண்டியது ஞாயிற்றுக்கிழமைத் தேதி. சனிக்கிழமையைப் போட்டால் ஒருநாள் முழுக்கப் பின்னால் போய்விடும். கல்யாணம் என்றால் வரவேற்பு முந்தின நாள் மாலையா, அன்றே மாலையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் நம் ஊரில் உண்டு.

நேரத்தில், பழைய ஜாதகங்கள் நாழிகைக் கணக்கில் இருக்கும். உதயாதி நாழிகை 37, விநாடி 30 என்று எழுதியிருந்தால், சூரிய உதயத்திலிருந்து அவ்வளவு நேரம் கழித்துப் பிறந்ததாகப் பொருள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், அறுபது விநாடி ஒரு நாழிகை. ஆக முப்பத்தேழரை நாழிகை என்பது சரியாகப் பதினைந்து மணி நேரம். அன்று உதயம் காலை 6.10 என்றால் பிறந்த நேரம் இரவு 9.10. நெல்லையில் உதயம் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான் ஊசலாடும். சரியான நேரத்தை அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

தாத்தா, ஆச்சி பிறந்த நாளுக்குச் செய்கிறீர்களா? 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, போர்க்காலத்தில், இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அந்த நாட்களின் கடிகார நேரத்தை அப்படியே போட்டால் வானம் 15 டிகிரி சுழன்றுவிடும். நாழிகைக் கணக்கு இருந்தால் அதையே நம்புங்கள். சூரியனுக்குப் போர்க்கால நேரம் கிடையாது.

ஊர் விஷயத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதை மறந்துவிடாதீர்கள். குழந்தை வளர்ந்தது பாளையங்கோட்டை, பிறந்தது நாகர்கோவில் என்று இருக்கும். ஆனால் ஊரில் வரும் பிழை, நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, முகூர்த்தம். நம் கல்யாணங்கள் பெரும்பாலும் காலையில்தான். ஒன்பது மணிக்கு வானத்தில் நட்சத்திரங்கள் இல்லாமல் இல்லை, வெயில் மறைத்திருக்கிறது. அந்த நேரத்துக்கு வரைபடம் போட்டால் பொய்யாகாது, ஆனால் சூரியனையும் அதில் போட்டிருக்க வேண்டும். சூரியனே இல்லாத காலை ஒன்பது மணி வானம் என்றால், அது யாருக்கும் தெரியாத வானம். பிரம்ம முகூர்த்தத்தில் தாலி கட்டியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் வரவேற்பு நேரத்தைக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை

பெரும்பாலான விற்பனைத் தளங்களில் முன்னோட்டம் பார்க்கலாம். அங்கே உங்கள் தேதியைப் போடாதீர்கள். விடை தெரிந்த ஒரு இரவைப் போடுங்கள்.

நான் போடுவது 2018 ஜூலை 28, அதிகாலை 1.30, திருநெல்வேலி. அன்று முழுச் சந்திர கிரகணம். முழுமறைவு மட்டும் ஒரு மணி 43 நிமிடம் நீடித்த, இந்த நூற்றாண்டிலேயே நீண்ட கிரகணம். செவ்வாயும் அதே நாட்களில் பூமிக்கு அருகே வந்து சிவப்பாக ஒளிர்ந்தது. ஆகவே வரைபடத்தில் தெற்கே, உச்சிக்கும் அடிவானத்துக்கும் நடுவில், சற்றே மேற்குப் பக்கம் சாய்ந்து முழுநிலா இருக்க வேண்டும். அதன் கீழேயே செவ்வாய் இருக்க வேண்டும்.

இந்த ஒரே இரவு மூன்று விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். நிலாவும் செவ்வாயும் எந்தத் தேதிக்குமே வரவில்லை என்றால் அந்தத் தளம் கோள்களைக் கணக்கிடுவதே இல்லை. நிலா இருந்து, அது பிறையாக இருந்தால் அழகுக்கு ஒட்டிய படம். மற்ற தேதிகளில் நிலா வந்து, இந்தத் தேதியில் மட்டும் காணாமல் போனால், நீங்கள் கொடுத்த 1.30-ஐ கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கிரீன்விச்சில் 1.30 என்றால் நமக்குக் காலை ஏழு மணி, நிலா மறைந்திருக்கும். இந்த ஐந்தரை மணி நேரப் பிழைதான் நம் நாட்டு வாடிக்கையாளர்களுக்கு வரும் பெரிய பிழை. வானமே கிட்டத்தட்டக் கால் சுற்றுச் சுழன்றுவிடும். படத்தைப் பார்த்தால் தெரியவே தெரியாது, எல்லாம் புள்ளிகள்தானே.

கோள் கணக்கை மட்டும் சோதிக்க இன்னொரு நாள் உண்டு: 2020 டிசம்பர் 21, மாலை 7 மணி. வியாழனும் சனியும் தென்மேற்கில் தாழ்வாக, ஒரே புள்ளிபோல ஒட்டி நின்ற மாலை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

கட்டைவிரலை வைத்துப் பாருங்கள்

அச்சான படம் கைக்கு வந்துவிட்டதா? எடுத்தவுடன் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். தேதியும் நேரமும் எதுவாக இருந்தாலும் அது இடம் மாறாது. அதனால்தான் சோதனைக்கு அதைப்போல உதவுவது வேறில்லை. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவம் தெரியும். நெல்லை 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆகவே வடக்கு அடிவானத்துக்கு ஏறத்தாழ ஒன்பது டிகிரி உயரத்தில், தென்னந்தோப்புக்கோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கோ பின்னால் ஒளிந்திருக்கும். நம்மில் பலர் அதைப் பார்க்காமலேயே காலத்தை ஓட்டிவிடுகிறோம்.

வட்டம் 25 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஏ3 தாளில் ஏறத்தாழ அவ்வளவு வரும். வட்டத்தின் விளிம்புதான் அடிவானம். ஆகவே துருவ நட்சத்திரம் வடக்கு விளிம்பிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு கட்டைவிரல் அகலம். விளிம்பிலிருந்து ஆறேழு சென்டிமீட்டர் உள்ளே போய் நின்றால் அது ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ போட்ட வார்ப்பு.

ஏன் ஒன்றேகால் முதல் இரண்டு என்று கேட்பீர்கள். வானம் கிண்ணம், தாள் தட்டை. கிண்ணத்தைத் தட்டையாக்கப் பல முறைகள் இருக்கின்றன. 45 டிகிரி உயரத்தில் இருக்கும் நட்சத்திரம் ஒரு முறையில் நடுவிலிருந்து விளிம்புக்குப் பாதி தூரத்தில் விழும், இன்னொரு முறையில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில் விழும். இரண்டும் சரியே.

உச்சியில் யார்?

அடுத்து வட்டத்தின் நடுப்புள்ளி. அதுதான் தலைக்கு நேர் மேலே. இங்கே நெல்லைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. திருவோண நட்சத்திரம், ஆங்கிலப் பெயரில் ஆல்டேர், நம் அட்சரேகைக்கு மிக நெருக்கமான பாதையில் போகிறது. உச்சியைக் கடக்கும்போது நிலாவின் அகலத்தில் பாதிகூட விலகாது. செப்டம்பர் முதல் வாரத்தில் இரவு ஒன்பதே கால் வாக்கில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்க நேர் மேலே நிற்கும். என் தங்கையின் கல்யாணம் ஆவணி 18, அதாவது செப்டம்பர் 3. வட்டத்தின் நடுவில் திருவோணத்தைக் குத்தி வைத்திருக்க வேண்டும். வந்த படத்தில் நடுப்புள்ளியின் அருகே இருந்தது டெனெப் என்ற வடவானத்து நட்சத்திரம். நமக்கு அது வடக்கே வெகுதூரம் சரிந்து நிற்கும்.

பிப்ரவரி முதல் வாரம் அதே ஒன்பதே கால் என்றால் உச்சியில் திருவாதிரை, ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகத் தெற்கே. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மகம், மூன்று டிகிரி வடக்கே. வேறு மாதமானால் கணக்கு எளிது: ஒவ்வொரு மாதமும் அதே வானம் இரண்டு மணி நேரம் முன்னதாக வரும். மார்கழித் திருவாதிரையன்று நள்ளிரவை ஒட்டி உச்சியில் நிற்கும் அதே திருவாதிரைதான் பிப்ரவரியில் ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறது.

தென் திசையையும் ஒரு பார்வை பாருங்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்து இரவு ஒன்பது மணி வரைபடத்தில் அகத்திய நட்சத்திரம் தெற்கே 28 டிகிரி உயரத்தில் பளபளக்க வேண்டும். பொதிகைக்காரர் பெயரைத் தாங்கிய நட்சத்திரம் பொதிகை மலை ஊரின் வரைபடத்தில் இல்லையென்றால் என்ன வரைபடம்! லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மே மாத நடுவில் அதே நேரத்துக்குத் தென்சிலுவை, 21 டிகிரி உயரத்தில், நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இடம் வலம்

சிலர் வரைபடத்தில் கிழக்கு இடப்பக்கம் இருப்பதைப் பார்த்துத் தவறு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது தவறில்லை. ஊர் வரைபடம் கீழே விரித்துக் குனிந்து பார்ப்பது. வான வரைபடம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்ப்பது. வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம்தான் வரும். கிழக்கு வலப்பக்கம் இருந்தால் திசையெழுத்து மட்டும் தவறா, வானமே கண்ணாடிப் பிம்பமா என்று பார்க்க வேண்டும். தேள் தெரியும் இரவானால் சுலபம்: தெற்கைக் கீழே வைத்துப் பார்த்தால் விருச்சிகத்தின் வால் கொக்கிபோல இடப்பக்கம் வளைய வேண்டும். திசையே போடாத படத்தை வாங்காதீர்கள்.

ஆச்சியின் கேள்வி

இப்போது நிலாவுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நிலாவும் கோள்களும் இல்லாத நட்சத்திர வரைபடத்துக்கு ஆண்டே கிடையாது. நட்சத்திரங்கள் ஆண்டுதோறும் அதே தேதி, அதே நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. லீப் ஆண்டுக் கணக்கால் ஏற்படும் வேறுபாடு ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும். ஆக, ஓர் ஆண்டின் செப்டம்பர் 3 இரவு 9.15-க்கு அச்சடித்த நட்சத்திரங்களும் பத்து ஆண்டு தள்ளி அதே நாளுக்கு அச்சடித்த நட்சத்திரங்களும் கண்ணுக்கு ஒன்றே. 'இந்த வானம் உங்களுக்கு மட்டுமே' என்று விளம்பரம் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாளை வேறு ஆண்டுகளின் அதே நாளிலிருந்து பிரித்துக் காட்டுவது நிலாவும் கோள்களும்தான்.

அவற்றைச் சரிபார்க்கும் சான்று நம் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. கல்யாண அழைப்பிதழை எடுங்கள். 'வளர்பிறைத் தசமி திதியும் மூல நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள் துலா லக்கினத்தில்' என்று இருக்கும். இதைப் படித்துவிட்டுத் தாம்பூலப் பைக்குள் போட்டுவிடுகிறோம். ஆனால் இது அன்றைய வானத்தின் குறிப்பு. திதி என்பது நிலா எவ்வளவு நிறைந்திருந்தது என்பதைச் சொல்கிறது. நட்சத்திரம், அது எந்த நட்சத்திரத்தின் பக்கம் நின்றது என்பதை. லக்கினம், அந்த நேரத்தில் கிழக்கே எந்த ராசி உதித்துக்கொண்டிருந்தது என்பதை. பலன்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்த மூன்றும் வானக் கணக்கு.

தங்கை கல்யாணத்தன்று மூலம் என்றால் நிலா தேளின் வால் பக்கம். தசமி என்றால் முக்கால் நிலா, வளர்பிறையாதலால் ஒளிப்பக்கம் மேற்கு நோக்கி. இரவு 9.15-க்கு அது தெற்கிலிருந்து மேற்கே சற்று நகர்ந்து, பாதி வானத்துக்குச் சற்று மேலே இருந்திருக்கும். மண்டபத்து வாசலில் ஆச்சி பார்த்தது அதைத்தான்.

பிறந்த நேரத்துக்கான படமென்றால் ராசிக் கட்டம் இன்னும் கைகொடுக்கும். லக்கினத்தை ஒன்று என்று வைத்து வலமாக எண்ணுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ள வீடுகள் அடிவானத்துக்கு மேலே இருந்தவை. இரண்டு முதல் ஆறு வரை கீழே. ஒன்றும் ஏழும் விளிம்பில். மேலே உள்ள வீடுகளில் இருக்கும் சந்திரன், செவ்வாய், குரு, சனி எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். கீழே உள்ளவை இருக்கக் கூடாது. கல்யாண இரவு 9.15-க்கு மேஷ லக்கினம். நிலா நின்ற தனுசு ஒன்பதாம் வீடு, மேலே. சூரியன் நின்ற சிம்மம் ஐந்தாம் வீடு, கீழே. ராத்திரி ஆயிற்றே, சரிதான். ராகு கேது கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் அல்ல, அவற்றைத் தேட வேண்டாம்.

இந்த ஒப்பீட்டில் மூன்று இடங்களில் கால் இடறும். திருவோணமும் சுவாதியும் நிலாவின் பாதையிலிருந்து முப்பது டிகிரி அளவுக்கு விலகியவை. திருவோணத்தில் பிறந்தவருடைய நிலா அந்த நட்சத்திரத்தின் அருகே இருக்காது. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை போன்றவற்றில் நெருக்கமாகவே பார்க்கலாம். இரண்டாவது, பஞ்சாங்க வேறுபாடு. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். மூன்றாவது, படத்தில் மேற்கத்திய ஜோதிட ராசியை எழுதியிருந்தால் அது நம் ராசியிலிருந்து 24 டிகிரி அளவுக்கு விலகியிருக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் ஸ்டெல்லேரியம் செயலியைப் பயன்படுத்தலாம். கணினிக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஊரையும் நேரத்தையும் கொடுத்து, நேர மண்டலம் ஐந்தரை மணி நேரம்தானா என்று உறுதி செய்துகொண்டு, படத்தோடு அருகருகே வைத்துப் பாருங்கள். பகல் நேரமானால், செயலியில் வளிமண்டலத்தைக் காட்டும் அமைப்பை அணைத்துவிட்டால் நட்சத்திரங்கள் தெரியும்.

எதை விட்டுவிடலாம்

25 சென்டிமீட்டர் வட்டத்தில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.4 மில்லிமீட்டர். நேரத்தில் நான்கு நிமிடம் தவறினால் ஒரு டிகிரி. பிறந்த நேரத்தில் பத்து நிமிடச் சந்தேகம் இருந்தால் படத்தில் மூன்றரை மில்லிமீட்டர் நகரும், யாருக்கும் தெரியாது. அம்பாசமுத்திரத்துக்குப் பதில் நெல்லை என்று போட்டால் அரை மில்லிமீட்டர்கூட மாறாது. சென்னை என்றே போட்டாலும் உயரத்தில் நான்கரை டிகிரிக்குள்தான். நான்கு தசம இடங்கள் வெறும் வியாபாரப் பூச்சு. எழுபது ஆண்டுக்கு முந்தைய கல்யாண நாளுக்குப் போட்டாலும் பூமியின் அச்சு தள்ளாடுவதால் வருவது ஒரு டிகிரிதான்.

தேதி ஒருநாள் தவறினாலோ, நட்சத்திரங்கள் ஒரு டிகிரிதான் நகரும். நிலா மட்டும் 13 டிகிரி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 'விடிந்தால்' சிக்கலைக் கண்டுபிடிப்பது நிலாதான்.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவிலான நட்சத்திரங்களைத் தொகுத்த யேல் பட்டியலில் இரு துருவங்களுக்கும் இடைப்பட்ட முழு வானத்துக்குமே 9,110 பதிவுகள்தான். ஒரு நேரத்தில் தெரிவது அதில் பாதி வானம். நிலா வெளிச்சமும் மண்டபத்துச் சீரியல் பல்பும் இருந்த இரவில் நூறு தெரிந்திருந்தாலே பெரிது. குறைவான புள்ளிகள் என்பது குறையல்ல, ரசனை. பால்வீதியை மட்டும் பாருங்கள்: அது தேளின் வாலைத் தொட்டுப் போக வேண்டும். அழகுக்காகக் குறுக்கே எங்கோ இழுத்துவிட்டிருந்தால் அது வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது.

எங்கள் படத்தைத் திருப்பி அனுப்பினோம். துருவத்தின் இடம், உச்சியில் திருவோணம், நிலா இருக்க வேண்டிய இடம் ஆகிய மூன்றையும் அளவோடு எழுதி அனுப்பியதால் விவாதம் நடக்கவில்லை. மறுஅச்சு வந்ததும் ஃபிரேம் கடைக்கு எடுத்துப்போகும் முன் மாடியில் வைத்துப் பார்த்தோம். நீங்களும் கண்ணாடி போடும் முன் இதைச் செய்யுங்கள். அதே தேதி வாக்கில், அதே நேரத்துக்கு, வடக்கு எழுத்து வடக்கைப் பார்க்கும்படி படத்தைத் தலைக்கு மேலே பிடித்து, கைப்பேசி விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றி அடித்துப் பாருங்கள். நிலாவும் கோள்களும் அந்த ஆண்டினுடைய இடத்தில் இருக்காது, மற்றவை பொருந்தும். பாபநாசம் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்கு விளிம்பில் உள்ள நட்சத்திரங்கள் சில தெரியாது. மலை மறைக்கும். வரைபடம் மலையைக் கணக்கில் எடுப்பதில்லை, அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்.